‘ஆகும்’ என்ற ஒரு வார்த்தை

14,500 ரூபாய்க்கு ஒரு வழக்கா என்று செங்கல்பட்டு நீதிமன்ற வளாகத்தில் நண்பர்கள் கேலி செய்தார்கள். தொகை சின்னதுதான். ஆனால் புதிதாகக் கடை போடுகிறவர்கள், மெஷின் வாங்கப் போகிறவர்கள் என்று யார் ஆலோசனைக்கு வந்தாலும் நான் எடுத்துச் சொல்வது இந்த வழக்கைத்தான். விலை கூடியதை வாங்குவதா, மலிவானதை வாங்குவதா என்ற கேள்வி கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் உரியது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அதில் சட்டத்துக்கும் ஒரு கருத்து உண்டு.

என் கட்சிக்காரர் மறைமலைநகரில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி டயர் கடை வைத்திருப்பவர். அதற்கு முன்பு கார் ஆலைகளுக்கு உதிரிபாகம் தரும் ஒரு கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் இருந்தவர். 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலைநகர் ஆலையிலிருந்து கடைசிக் கார் வெளியே வந்தது. அந்த ஆலையை நம்பியிருந்த சின்னக் கம்பெனிகள் பலவற்றில் ஷிஃப்ட் குறைந்தது, ஆட்களும் குறைந்தார்கள். இவர் கணக்கை முடித்துக்கொண்டு, வந்த பணத்தில் கம்ப்ரசர், ஜாக்கி, டயர் கழற்றும் மெஷின் எல்லாம் வாங்கிக் கடை திறந்தார். உதவிக்கு இரண்டு பையன்கள்.

அந்தச் சாலையில் கார் மட்டும் போவதில்லை. சிங்கபெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் பக்கம் திரும்பும் கன்டெய்னர்கள், கல்குவாரியிலிருந்து வரும் டிப்பர்கள் எல்லாம் வரும். கார் சக்கரத்து நட்டை முறுக்க நூறு நியூட்டன் மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய முறுக்குவிசை (டார்க்) போதும். கனரக லாரியின் நட்டு பெரும்பாலும் 500-க்கு மேல் கேட்கும். ஜல்லித் தூளும் துருவும் ஏறிய நட்டைக் கழற்ற அதற்கும் மேலே வேண்டும். அதனால்தான் காற்றழுத்தத்தில் நட்டைக் கழற்றும் ஏர் கன்னில் காருக்கு அரை அங்குலம், லாரிக்கு ஒரு அங்குலம். அந்த அங்குலம் சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு.

ஒரு அங்குல கன் வாங்கச் சென்னைப் பாரிமுனைப் பக்கம் ஒரு கடைக்குப் போனார். கடைக்காரர் இரண்டைக் கல்லாமேல் எடுத்து வைத்தார். ஒன்று உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த கம்பெனியுடையது. இன்னொன்று இறக்குமதியாளர் ஒருவர் தன் பெயரை ஒட்டி விற்பது. முதலாவதன் விலை இரண்டாவதைப்போல நான்கு மடங்கு. அட்டைப் பெட்டிமேல் போட்டிருந்த டார்க் எண்ணோ மலிவான கன்னுக்குத்தான் பெரிதாக இருந்தது.

“அண்ணே, டிப்பர் வண்டி நட்டு. தினம் வேலை இருக்கும். இது தாங்குமா?”

“தாராளமா தாங்கும் தம்பி. அதுல பேருக்குத்தான் காசு. உள்ள ரெண்டும் ஒண்ணுதான்.”

அன்றைக்கு வாங்காமல் திரும்பிவிட்டார். ராத்திரி ஒரு டிப்பரின் பின்சக்கரத்தைப் படம் எடுத்து, ‘இந்த நட்டுக்கு ஆகுமா அண்ணே’ என்று கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ‘ஆகும்’ என்று பதில் வந்தது, பக்கத்தில் ஒரு கட்டைவிரல் படம். மறுநாள் போய் 14,500 கொடுத்து வாங்கினார். பில்லில் அவருடைய டயர் கடையின் பெயரே இருந்தது.

இரண்டாம் மாதத்தில் கன் சோர்ந்தது. “அடிக்குது சார், ஆனா இழுக்கல” என்று அவர் சொன்னது எனக்கு அப்போது புரியவில்லை. பிறகு ஒரு நாள் சதுர முனை சாக்கெட்டுக்குள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டது. பையன் கையில் அடிபடாமல் தப்பியது அதிர்ஷ்டம். கடைக்காரர் பில்லின் அடியில் இருந்த வரியைக் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. இறக்குமதியாளரின் உத்தரவாத அட்டையில் இன்னொரு வரி இருந்தது: வணிகப் பயன்பாட்டுக்கு உத்தரவாதம் இல்லை. தனியாக அந்தச் சதுர முனையுள்ள தண்டை மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்கிறேன் என்றாலும் உதிரிபாகம் கிடையாது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ், வாங்கிய விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பொருளை எங்கே வாங்கியிருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்தில் வழக்குப் போடலாம். பாரிமுனையில் வாங்கியதற்குச் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட முடிந்தது அதனால்தான். கடைக்காரர் முதல் எதிர்தரப்பு, இறக்குமதியாளர் இரண்டாம் எதிர்தரப்பு.

எதிர்தரப்பின் முதல் அடி எதிர்பார்த்ததுதான். இவர் நுகர்வோரே இல்லை, வியாபாரி என்றார்கள். அதற்கு அவர்கள் நீட்டிய தீர்ப்பு எங்கள் தமிழ்நாட்டு வாசம் கொண்டது. மகாராஷ்டிரத்து லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ், கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் 21 லட்சம் ரூபாய்க்கு ஒரு டர்னிங் மெஷின் வாங்கியது. மெஷின் தாமதமாக வந்தது, குறையோடும் வந்தது என்பது புகார். 1995 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இது வணிக நோக்கத்துக்கு வாங்கியது, எனவே வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று முடித்தது. புகார்தாரர் தோற்றார்.

நானும் அதே தீர்ப்பைத்தான் கட்டி எடுத்துப் போயிருந்தேன். அவர்கள் முடிவைப் படித்தார்கள், நான் நடுவில் இருந்ததைப் படித்தேன். சொந்தமாக ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குகிறவரும், தானே இயக்கிச் சம்பாதிக்க லேத் மெஷின் வாங்குகிறவரும் நுகர்வோரே என்று அந்தத் தீர்ப்பே உதாரணம் சொல்கிறது. துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்றும் சொல்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(7) பிரிவுக்கான விளக்கத்திலும் சுயதொழிலில் வாழ்வாதாரம் தேடுவதற்கான இந்த விலக்கு இருக்கிறது. என் கட்சிக்காரர் காலையில் ஷட்டரைத் தூக்குவது முதல் ராத்திரி டயரை உருட்டி உள்ளே வைப்பது வரை தானே செய்பவர். பையன்கள் இரண்டு பேர்தான்.

இரண்டாவது அடி உத்தரவாத அட்டை. வணிகப் பயன்பாடு கூடாது என்று எழுதியிருக்கிறோமே என்றார்கள். எதிர்தரப்புக்கு எழுத்தில் கேள்விகள் அனுப்ப அனுமதி வாங்கி நான் அனுப்பிய பட்டியலில், இந்த ஒரு அங்குல கன்னை எந்தெந்த வேலைக்கு விற்கிறீர்கள் என்பதும் ஒன்று. ‘கனரக வாகனங்களின் சக்கர நட்டுகளுக்கு’ என்று பதில் வந்தது. விசாரணையின்போது ஆணையத்தின் பெண் உறுப்பினர் எதிர்தரப்பு வழக்கறிஞரைப் பார்த்துக் கேட்டார்: “லாரி சக்கரம் கழற்றுற கன்னை வீட்டு உபயோகத்துக்கு யாருங்க வாங்குவாங்க? வீட்டு உபயோகத்துக்குத்தான் உத்தரவாதம்னா, யாருக்குமே உத்தரவாதம் இல்லைன்னுதானே அர்த்தம்?” அந்தக் கேள்விக்குப் பிறகு அட்டையை யாரும் கையில் எடுக்கவில்லை.

மூன்றாவது அடிதான் பலமானது. குறை பொருளில் இல்லை, பயன்படுத்திய விதத்தில் என்றார்கள். அட்டையில் கருவிக்குப் போகும் காற்றழுத்தம் 90 பி.எஸ்.ஐ. என்று இருக்கிறது. இவர் கம்ப்ரசரை 150-இல் ஓட்டுகிறார். காற்றில் வரும் தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டர் இல்லை, எண்ணெய் கலக்கும் லூப்ரிகேட்டரும் இல்லை.

பொருளைச் சோதிக்காமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்றால், சோதனைக்கு அனுப்ப சட்டத்தின் 38-ஆவது பிரிவு வழி செய்கிறது. ஆனால் சோதனைச் செலவை முதலில் கட்ட வேண்டியவர் புகார்தாரர். கன்னின் விலையில் பாதிக்கு மேல் அதற்கே ஆகும் என்று தெரிந்தபோது கட்சிக்காரர் யோசித்தார். “காசு போனா போகுது சார். ‘பேருக்குத்தான் காசு’ன்னு சொன்னாரே, அது உண்மையான்னு பாத்துடலாம்” என்றார். ஆணையம் ஒரு பொறியியல் கல்லூரியின் இயந்திரவியல் பேராசிரியரை நிபுணராக நியமித்தது.

மேஜைமேல் செய்தித்தாளை விரித்து, இரு தரப்பு முன்னிலையிலும் அவர் கன்னைப் பிரித்தார். ஏர் கன்னுக்குள்ளே இரண்டு வேலைகள் நடக்கின்றன. பின்பக்கம் காற்று ஒரு சின்ன மோட்டாரைச் சுற்றுகிறது. அந்த மோட்டாரின் உருளையில் வெட்டியிருக்கும் பள்ளங்களில் மெல்லிய தகடுகள் வெளியே வந்து உள்ளே போய்க் காற்றைப் பிடிக்கும். முன்பக்கம் அந்தச் சுழற்சியை வாங்கிய சுத்திகள், சதுர முனையுள்ள தண்டைச் சுற்றுவாக்கில் திரும்பத் திரும்ப அடிக்கும். நட்டைக் கழற்றுவது அந்த அடிதான். பிடித்திருப்பவர் கையை முறுக்காமல் இவ்வளவு விசை கிடைப்பதும் அதனால்தான்.

பின்பக்கத்தைத் திறந்ததும் பேராசிரியர் ஒரு குச்சியால் தகட்டை நெம்பினார். அது அசையவில்லை. பள்ளங்களில் செம்மண் குழம்பு மாதிரித் துரு. “டேங்க்ல தண்ணி வடிச்சு எத்தனை நாளாச்சு?” என்று கேட்டார். என் கட்சிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எதிர்தரப்பு வழக்கறிஞர் முகத்தில் வெளிச்சம்.

முன்பக்கத்தைத் திறந்தார். சுத்திகளின் விளிம்பு நசுங்கி மழுங்கியிருந்தது. ஒடிந்த தண்டின் வாயில் சர்க்கரையை உடைத்தாற்போல் பளபளப்பான மணிகள். அதைப் பையில் போட்டுக் கடினத்தன்மைச் சோதனைக்கு எடுத்துப் போனார். அறிக்கை பிறகு வந்தது. அடி வாங்கும் தண்டு மேற்பரப்பில் கடினமாகவும் உள்ளே அதிர்வைத் தாங்கும் இளக்கத்தோடும் இருக்க வேண்டும். இது உள்ளும் புறமும் ஒரே கடினத்தில் இருந்தது. அதனால் வளைந்து கொடுக்காமல் ஒடிந்தது. சுத்தி அதற்கு நேர்மாறு, அடிக்கத் தேவையான கடினம் அதற்கு இல்லை.

அழுத்தத்தைப் பற்றிய கேள்விக்கு அவர் மறைமலைநகர்க் கடைக்கே வந்தார். வேறு ஒரு கன்னை மாட்டி, ஹோஸின் கடைசியில் மீட்டரை வைத்து விசையை அழுத்தினார். டேங்கில் 150 காட்டியது. கன் ஓடும்போது அதன் வாயில் 90-ஐக்கூடத் தொடவில்லை. ஹோஸ் நீளம், உள்விட்டம் குறைவு, வழியிலேயே அழுத்தம் இறங்கிவிடுகிறது. அதிக அழுத்தத்தில் ஓட்டியதால் ஒடிந்தது என்ற வாதம் அந்த இடத்திலேயே படுத்துவிட்டது.

மிச்சம் இருந்தது துரு. அதை நான் மறுக்கவில்லை. வாதத்தில் ஒன்றைத்தான் கேட்டேன். துருவால் மோட்டார் சோர்ந்தால் சுத்தியின் அடி மெதுவாகும். மெதுவாக அடிக்கிற சுத்தி தண்டை எப்படி ஒடிக்கும்? கன் இழுக்காமல் போனதற்கு என் கட்சிக்காரர் காரணமாக இருக்கலாம். ஒடிந்ததற்கு அவர் காரணம் அல்ல. பேராசிரியரும் குறுக்கு விசாரணையில் அதையே சொன்னார்.

இவ்வளவு இருந்தும் எனக்கு உறுத்தலாக இருந்தது வேறொரு வாதம். மலிவான பொருள் வாங்கினால் மலிவாகத்தான் உழைக்கும், இது தெரிந்தே வாங்கியது என்றார் எதிர்தரப்பு வழக்கறிஞர். அதோடு, அசெம்ப்ளி லைனில் காற்றுக் கருவி பிடித்துப் பழகியவர் கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கினார் என்பதை ஏற்க முடியாது என்றார். முதல் பாதியில் நியாயம் இருக்கிறது. விலை குறைந்த பொருள் என்பதாலேயே அது குறையுள்ள பொருள் ஆகிவிடாது. நாலில் ஒரு பங்கு விலை கொடுத்தவர் நாலு பங்கு ஆயுளை எதிர்பார்க்கக் கூடாது.

ஆனால் 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு விலையைப் பார்ப்பதில்லை. பேச்சைப் பார்க்கிறது. வாங்குபவர் எந்த வேலைக்கு வேண்டும் என்று விற்பவரிடம் தெரிவித்து, அவருடைய தேர்ச்சியை நம்பி வாங்கினால், அந்த வேலைக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனை எழுதாமலேயே வந்து ஒட்டிக்கொள்ளும். ‘இந்த நட்டுக்கு ஆகுமா’ என்று படத்தோடு கேட்டது வேலையைத் தெரிவித்தது. ‘ஆகும்’ என்று பதில் வந்த பிறகே வாங்கியது நம்பிக்கையைக் காட்டியது. லைனில் வேலை செய்தவருக்கு அங்கே கொடுக்கப்பட்ட கருவியைப் பிடிக்கத் தெரியும். கடையில் இருக்கும் இரும்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரிந்திருந்தால் ராத்திரியில் உட்கார்ந்து படம் அனுப்பிக் கேட்டிருக்க மாட்டார்.

வாட்ஸ்அப் உரையாடலின் பிரதியோடு, அப்போது நடைமுறையில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றையும் சேர்த்துத் தாக்கல் செய்திருந்தேன். நுகர்வோர் ஆணையங்கள் சாட்சியச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுவதில்லைதான். ஆனாலும் வழக்கே அந்த ஒற்றை வார்த்தைமேல் நிற்கும்போது, அதற்கு ஒரு சந்தேகத்தைக்கூட மிச்சம் வைக்கக் கூடாது.

சோதனை தேவைப்படும் புகாரை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அது சட்டத்தின் ஆசை. தீர்ப்பு 2024-இல் வந்தது. கன்னின் விலையை வட்டியோடு திருப்பித் தர வேண்டும், சோதனைச் செலவையும் வழக்குச் செலவையும் தர வேண்டும் என்று ஆணையம் இரு எதிர்தரப்பையும் பொறுப்பாக்கியது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2(47) பிரிவின்படி நியாயமற்ற வணிக முறை என்றும், பில்லில் காலக்கெடு எதுவும் குறிப்பிடாதபோது 30 நாளுக்குள் பணத்தைத் தந்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. பில்லின் அடியில் இருந்த வரி இந்தப் பிரிவின் முன் நிற்கவில்லை. நாங்கள் கேட்ட வருமான இழப்பு கிடைக்கவில்லை. கணக்குப் புத்தகம் இல்லை. மன உளைச்சலுக்குக் கேட்டதில் சிறிதளவே கிடைத்தது. பராமரிப்பில் புகார்தாரரின் கவனக்குறைவும் உண்டு என்று காரணம் எழுதியிருந்தார்கள். அது சரியான தீர்ப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மேல்முறையீட்டுக்கு 45 நாள் உண்டு, ஆனால் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். எதிர்தரப்பு கணக்குப் போட்டுப் பார்த்துப் பணத்தைக் கட்டிவிட்டது.

காசோலை வாங்க வந்த நாளில் கட்சிக்காரர் என்னிடம், “இந்தத் தடவை அந்தப் பேர் தெரிஞ்ச கம்பெனி கன்னையே கேட்டு வாங்கிடறேன் சார்” என்றார். பேராசிரியர் அவரிடம் ஏற்கெனவே பேசியிருந்தார். இங்கர்சால் ராண்ட், சிகாகோ நியூமேட்டிக் போன்ற பெயர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசில் சுத்திக்கும் தண்டுக்கும் போடும் எஃகு இருக்கிறது, தனித்தனியாகக் கிடைக்கும் உதிரிபாகம் இருக்கிறது, எந்த அழுத்தத்தில் அளந்தது, முறுக்கவா கழற்றவா என்ற விவரத்தோடு போட்ட டார்க் எண் இருக்கிறது. தினமும் லாரி வருகிற கடைக்கு அந்தக் காசு திரும்பி வந்துவிடும். எப்போதாவது கார் சக்கரம் கழற்றும் கடைக்கு மலிவான அரை அங்குல கன்னே போதும். எதை வாங்கினாலும் டேங்கில் தண்ணீரை வடிக்காவிட்டால் இரண்டும் ஒரே மாதிரித் துருப்பிடிக்கும். கடைசியில் நட்டை இறுக்குவது மட்டும் எந்த கன்னாலும் கூடாது, டார்க் ரென்ச்சால்தான்.

அதற்குமேல் நான் சொல்ல இருந்தது சட்டம். பெயரைச் சொல்லிக் கேட்பதில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதே 16-ஆவது பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு பொருளை அதன் வணிகப் பெயரைச் சொல்லியே கேட்டு வாங்கினால், குறிப்பிட்ட வேலைக்குப் பொருந்தும் என்ற அந்த எழுதாத நிபந்தனை வராது. ‘இன்ன கம்பெனி, இன்ன மாடல் கொடுங்க’ என்று நீட்டி வாங்குகிறவர், தேர்வைத் தானே செய்துகொண்டவர். விலை கூடிய பொருளை வாங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் இப்படிப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். ஆக, அதிகக் காசு கொடுக்கிறவருக்கே இந்தப் பிரிவில் பாதுகாப்பு குறைவு.

பெயர் பேச்சில் வந்துவிட்டாலே எல்லாம் போய்விடாது என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு உதாரணம். சுற்றுலா போக வசதியான கார் வேண்டும் என்று ஒருவர் டீலரிடம் கேட்டார். டீலர் புகாட்டி காரைப் பரிந்துரைத்தார். ஓட்டிப் பார்த்தால் அது அந்த வேலைக்கு ஆகவில்லை. பெயர் சொல்லித்தானே வாங்கினீர்கள் என்ற டீலரின் வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. வேலையைச் சொல்லி, டீலரின் சொல்லை நம்பித்தான் அவர் வாங்கினார் என்றது. பால்ட்ரி எதிர் மார்ஷல் என்ற அந்தத் தீர்ப்பை எங்கள் சட்டக் கல்லூரி வகுப்புகளில் தவறாமல் நடத்துவார்கள். நம் 1930 சட்டம் ஆங்கிலேயச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது என்பதால் இங்கும் அது எடுபடும்.

எனவே கட்சிக்காரரிடம் சொன்னேன்: எந்தக் கம்பெனி வேண்டுமானாலும் வாங்குங்கள். முதலில் வேலையைச் சொல்லுங்கள், பிறகு பெயரைக் கேளுங்கள். பணம் கொடுக்கும்முன், ‘டிப்பர் லாரி சக்கர நட்டு வேலைக்கு’ என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அவர் வேறொரு கடைக்குப் போய் மூன்று கன்களைப் பார்த்தார். மலிவானதற்கு அந்த வரியை எழுதக் கடைக்காரர் பேனாவை எடுக்கவே இல்லை. “அது வழக்கமில்ல தம்பி” என்றார். எல்லாவற்றிலும் விலை கூடிய மாடலுக்கு, கம்பெனியைக் கேட்டுத்தான் எழுத முடியும் என்றார். நடு விலையில் இருந்த ஒன்றுக்குக் கேட்டதும் எழுதி முத்திரையும் வைத்துக் கொடுத்தார். அவர் அதையே வாங்கினார்.